அதே கப்பல், அதே சுற்று: ரோமில் ஏறுவதா, பார்சிலோனாவில் ஏறுவதா?

வேளச்சேரிக்காரன்

வணக்கம். செப்டம்பரில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு மத்தியதரைக் கடலில் ஏழு இரவு கப்பல் பயணம் போகலாம் என்றிருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அம்மாவுக்கு 67, முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். நானும் மனைவியும் சேர்த்து நாலு பேர், நாலு பெரிய பெட்டி.

கப்பல் சுற்றும் வழி இது: சவோனா, மர்சேய், பார்சிலோனா, பால்மா, ஒரு நாள் முழுக்கக் கடல், பலெர்மோ, சிவிதாவெக்கியா, திரும்பவும் சவோனா. இதில் எங்கே வேண்டுமானாலும் ஏறி, ஏழு இரவு கழித்து அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். சிவிதாவெக்கியாதான் ரோமுக்கான துறைமுகம். கேபின் விலை ரோம், பார்சிலோனா இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஏறுவதற்கு முன் மூன்று இரவு அந்த ஊரில் தங்குவோம். எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான்.

நீலாங்கரை மீனா

யோசிக்கவே வேண்டாம், பார்சிலோனா. விமான நிலையத்திலிருந்து கப்பல் நிற்கும் அடோசாட் துறைக்கு டாக்ஸியில் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்தத் தூரத்துக்கு அரசே நிலையான கட்டணம் வைத்திருக்கிறது, பேரம் பேச வேண்டியதில்லை. ஊருக்குள் தங்கினாலும் கொலம்பஸ் தூண் அருகிலிருந்து கப்பலுக்கு ஷட்டில் பஸ் உண்டு.

நான் இரண்டு வருடம் முன் மாமியாரோடு சிவிதாவெக்கியாவில் ஏறினேன். ஃபியுமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கி ஒரு ரயில், ட்ராஸ்டெவெரேயில் மாறி இன்னொரு ரயில், ஸ்டேஷனிலிருந்து லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கப்பலுக்கு இன்னொரு பஸ். இரண்டாவது ரயிலில் மாமியாரை ஏற்றிவிட்டு நான் கீழே நின்று பெட்டியைத் தூக்குவதற்குள் கதவு மூட ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருந்த ஒரு பையன் கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தோம். அவர் கை நடுங்கியது கப்பலில் சாப்பிட உட்காரும் வரை நிற்கவில்லை. முழங்கால் வலி உள்ள அம்மாவை அந்த வழியில் கூட்டிப் போகாதீர்கள்.

கூடல்நகரான்

மீனா அக்கா சொல்வது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் ஆறு வருடம் டூரினில் வேலை பார்த்தவன், இந்தச் சுற்றில் இரண்டு முறை போயிருக்கிறேன். என் கணக்கு தலைகீழ். எந்த ஊர் துறைமுகத்திலிருந்து தொலைவில் இருக்கிறதோ, அங்கேதான் ஏற வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஏறுகிற ஊரில் மூன்று நாள் தங்கப் போகிறீர்கள். மற்ற ஊர்களுக்குக் கிடைப்பது ஒரு பகல் மட்டுமே. ரோமிலிருந்து சிவிதாவெக்கியா எழுபது கிலோமீட்டருக்கு மேல். பார்சிலோனாவில் ஏறினால், ரோம் உங்களுக்கு ஒரு பகல் ஆகிவிடும். கப்பல் காலை எட்டுக்குக் கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி, ஷட்டில் பிடித்து, ஸ்டேஷன் போய், ரயிலேறி, ரோமில் கால் வைக்க பத்தரை ஆகும். மாலை ஏழுக்குக் கப்பல் கிளம்பினால் ஐந்தரைக்குள் துறைமுகத்தில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். அதாவது மூன்றரைக்கெல்லாம் ரோமிலிருந்து கிளம்ப வேண்டும். நடுவில் இருப்பது ஐந்து மணி நேரம். அதில் கொலோசியமா, வாட்டிகனா, மதியச் சாப்பாடா?

ரோமில் ஏறினால் பார்சிலோனா ஒரு பகல். அது போதாது என்று நான் சொல்ல மாட்டேன். கப்பலை விட்டு இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொலம்பஸ் தூண். அங்கேயே ட்ராசானெஸ் மெட்ரோ. பசேய்க் த கிராசியாவில் ஒரு முறை மாறினால் சக்ராடா ஃபமிலியா தேவாலய வாசல். நான் காலை ஒன்பதே முக்காலுக்கு அந்தக் கோயிலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் வழியே நீலமும் பச்சையுமாக வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் வந்தால் அது மேற்கே போய் சிவப்பாகிவிடும். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

நீலாங்கரை மீனா

தம்பி, மணிக்கணக்கு சரி. ஆனால் வயதானவர்களுக்குப் பெட்டியோடு போகும் தூரம் வேறு, கைவீசிப் போகும் தூரம் வேறு. பார்சிலோனாவில் ஏறினால் ரோமுக்குப் போகும் நாளில் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருக்கும். பெட்டி கேபினில். முடியவில்லை என்றால் அம்மா கப்பலிலேயே இருந்துவிடலாம். ரோமில் ஏறினால் அந்த எழுபது கிலோமீட்டரை நாலு பெட்டியோடு கடந்தே ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. திரும்பும்போது மறுபடியும்.

கூடல்நகரான்

அந்த இடத்தில்தான் நாம் பிரிகிறோம் அக்கா. நீங்கள் விமானம் வந்த அன்றே கப்பல் ஏறினீர்களா?

நீலாங்கரை மீனா

ஆமாம். லீவு பத்து நாள்தான். தோஹாவில் இணைப்பு விமானம் மூன்று மணி நேரம் தாமதம். செக்-இன் மூட நாற்பது நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

கூடல்நகரான்

அப்படியென்றால் உங்களைப் பாடாய்ப் படுத்தியது துறைமுகம் இல்லை, அந்த ஒரே நாள் திட்டம்தான். இரவு முழுக்கத் தூங்காமல் வந்து, கப்பல் போய்விடுமோ என்ற பயத்தில் ஓடினால் எந்த ஊரும் சித்திரவதைதான். வேளச்சேரி நண்பர் மூன்று இரவு முன்னதாகவே போகிறார். நன்றாகத் தூங்கி எழுந்து, ஹோட்டல் வாசலில் ஒரு வேன் ஏறினால் துறைமுக வாசலில் இறங்கலாம். நூறு யூரோவுக்கு மேல் ஆகும், உண்மைதான். நாலு பேருக்கு வகுத்துப் பாருங்கள். ரயில் டிக்கெட் ஆளுக்கு ஐந்து யூரோ அளவில்தான், ஆனால் இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்க நினைப்பது தப்பு.

போத்தனூர் பாலு

இடையில் ஒரு எச்சரிக்கை. கப்பல் கம்பெனி எழுதும் ஊர்ப் பெயரை நம்பிவிடாதீர்கள், அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் 'வெனிஸிலிருந்து கிளம்புகிறது' என்றார். வெனிஸில் இரண்டு நாள் தங்கினோம். ஏறும் நாள் காலையில்தான் தாளை ஒழுங்காகப் படித்தேன்: 'வெனிஸ் (ரவென்னா)'. ரவென்னா தெற்கே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சாலையில். 2021 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் ஜூதெக்கா கால்வாய்க்குள் வரக்கூடாது என்று இத்தாலி தடை போட்டுவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன் ஒரு பெரிய கப்பல் கரையில் மோதியிருந்தது. தடையில் தப்பே இல்லை, அந்தக் குளம் போன்ற நீரில் அவ்வளவு பெரிய கப்பல் போகவே கூடாது. ஆனால் பயணிகளுக்கு அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இப்போது பெரிய கப்பல்கள் மர்கேரா, ட்ரியெஸ்தே, ரவென்னா என்று பிரிந்து போகின்றன. ட்ரியெஸ்தே என்றால் கவலை இல்லை, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே கப்பலுக்குப் போய்விடலாம்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

லண்டனில் இருந்து எழுதுகிறேன். ஏன் அண்ணை ஒருத்தரும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தைப் பற்றிக் கதைக்கவில்லை? சென்னையில் இருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கு, இடையில் மாறத் தேவையில்லை. ஹீத்ரோவில் இருந்து கோச் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். நாங்கள் போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கேயிருந்து நோர்வே போய் வந்தோம். கார் கொண்டுபோய் துறைமுகத்திலேயே விட்டோம். பெட்டிக்கு நிறைப் பிரச்சினை இல்லை, அம்மா அரிசிமாப் பலகாரம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தா. வயதானவைக்கு விமானப் பயணம் ஒன்று குறைவது பெரிய ஆறுதல்.

தஞ்சை செந்தில்

தம்பி, உங்களுக்கு அது அருமையான வழி. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிறவருக்கு பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா) தனி. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, அதனால் இரண்டுமே வேண்டும். நாலு பேருக்கு எட்டு விசா. அப்புறம் சவுத்தாம்ப்டனிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போக பிஸ்கே விரிகுடாவைத் தாண்ட வேண்டும். போக, வர நாலைந்து நாள் கடலிலேயே போய்விடும், ஏழு இரவில் முடியாது. இலையுதிர் காலத்தில் அந்த விரிகுடா குலுக்கும்.

வேளச்சேரி நண்பருக்கு இன்னொன்று. எந்தத் துறைமுகம் என்று முடிவு செய்யாமல் விசா அப்பாயின்ட்மென்ட் போடாதீர்கள். ஷெங்கனில் அதிக நாள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரோமில் மூன்று இரவு, அதோடு சவோனா, பலெர்மோ என்றால் இத்தாலி. பார்சிலோனாவில் மூன்று இரவு, பால்மா என்றால் கணக்கு ஸ்பெயின் பக்கம் சாயும். நாள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். உங்கள் சுற்றில் எல்லாமே ஷெங்கன் நாடுகள்தான். இருந்தாலும் மல்டிபிள் என்ட்ரி (பல முறை நுழையும் அனுமதி) கேட்டு விண்ணப்பியுங்கள், பல கப்பல் கம்பெனிகள் அதை எதிர்பார்க்கின்றன.

ஈஸ்ட்ஹாம் தம்பி

எட்டு விசா எண்டது நான் யோசிக்கவில்லை. அது சரியான கஷ்டம்தான். ஆனால் இங்கே சொந்தக்காரர் இருந்து, பார்க்க எப்படியும் வரப்போறவைக்கு சவுத்தாம்ப்டனை மறக்க வேண்டாம்.

வேளச்சேரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. செந்தில் சார் சொன்ன நாள்கணக்கைப் போட உட்கார்ந்தபோது ஒன்று கவனித்தேன். இந்தக் கப்பல் சிவிதாவெக்கியாவுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. பார்சிலோனாவுக்குப் புதன். இதனால் ஏதாவது மாறுமா?

கூடல்நகரான்

எல்லாமே மாறும். வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் மதியம் வரை இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குக் கூட்டம் தெருவைச் சுற்றி நிற்கும். சிஸ்டைன் சேப்பலுக்குப் போகும் வழி அந்த அருங்காட்சியகம்தான். பார்சிலோனாவில் ஏறினால் ரோமில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே பகல் அந்த ஞாயிறு. மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை நாலு வருடம் சாரத்தின் மேல் நின்று தலைக்கு மேலே வரைந்த கூரை அது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த மனிதரை அதன் வாசல் வரை கூட்டிப் போய், பூட்டிய கதவைக் காட்டித் திரும்ப அழைத்து வரப் போகிறீர்களா?

ரோமில் ஏறினால் வியாழன் போய்ச் சேர்ந்து, வெள்ளியும் சனியும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஞாயிறு மதியம் கப்பலுக்குப் போகலாம். வாட்டிகன் அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி இலவசமாகவே தருகிறார்கள். கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது. அம்மாவுக்கு எதுவும் விட்டுப்போகாது.

நீலாங்கரை மீனா

ஞாயிறு என்றால் நானும் ஒன்றும் சொல்ல முடியாது. அப்பாவுக்காக ரோமிலேயே ஏறுங்கள். ஆனால் பொதுவாக ரோம்தான் சரி என்று இதைப் படிக்கிற மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறொரு கப்பல் புதன்கிழமை ரோமுக்கு வந்தால், அல்லது முன்னதாகத் தங்க மூன்று இரவு இல்லையென்றால், நான் இப்போதும் பார்சிலோனாதான் சொல்வேன். போகிற ஊரைப் பார்ப்பது போலவே கூட வருகிறவரின் உடம்பையும் பார்க்க வேண்டும்.

கூடல்நகரான்

முன்னதாகத் தங்க வழியில்லை என்றால் நானும் பார்சிலோனாதான் சொல்வேன் அக்கா. புதன்கிழமை விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐந்து மணி நேரம் ரோமுக்கு ஐந்து மணி நேரம்தான்.

வேளச்சேரிக்காரன்

இப்போதுதான் அப்பாவிடம் ஞாயிறு விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய், தான் வகுப்பில் காட்டிக்கொண்டிருந்த பழைய படப் புத்தகத்தை எடுத்து வந்து அந்தக் கூரைப் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டார். ரோம்தான். வேனும் சொல்லிவிடுகிறேன். திரும்பும் நாள் பற்றி மட்டும் சொல்லுங்கள், காலை பதினொன்றரைக்கு ஃபியுமிச்சினோவிலிருந்து ஒரு விமானம் மலிவாக இருக்கிறது.

நீலாங்கரை மீனா

அதை எடுக்காதீர்கள் தம்பி. கப்பல் காலை எட்டுக்குக் கட்டினாலும் உங்கள் வரிசை வந்து இறங்க ஒன்பது தாண்டிவிடும். துறைமுகத்திலிருந்து ஃபியுமிச்சினோ அறுபது கிலோமீட்டர். மதியம் இரண்டு மணிக்கு அப்புறம் கிளம்புகிற விமானமாகப் பாருங்கள். அம்மாவுக்கு விமானத்தில் மட்டுமில்லை, கப்பலிலும் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று புக் செய்யும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து. மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். ஏறும்போது வாங்கிக்கொள்கிற பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர இரவாகிவிடும்.