ஒரே சோடி அகல ஸ்கீ: பொடிப்பனிக்கும் மலையேற்றத்துக்கும் எந்த அகலம் பொருந்தும்?

பேர்ண்வாசி எழுதியது:

வணக்கம் உறவுகளே. சுவிட்சர்லாந்தின் பேர்ணில் வசிக்கும் நான் ஆறு குளிர்காலமாக ஸ்கீ ஓடி வருகிறேன். என்னிடம் இருப்பது, இடை அகலம் (காலுக்குக் கீழே, நடுப்பகுதியின் அகலம்) 82 மில்லிமீற்றர் கொண்ட, சீராக்கிய ஓடுபாதைகளுக்கான ஒரு சோடி மட்டுமே. சென்ற மாசியில் அந்தர்மாத்தில் கெம்ஸ்டொக் மலையின் வடக்குச் சரிவில் முழங்காலளவு புதுப்பனியில் இறங்கியபோது, இரண்டு முனைகளும் பனிக்குள் புதைந்துகொண்டே இருந்தன. உடலைப் பின்னுக்குச் சாய்த்தபடியே முழுச் சரிவையும் கடந்து கீழே வந்து சேர்ந்தபோது தொடைகள் நடுங்கின.

இவ்வாண்டு கன்ரிஷ் பக்கம் ஸ்கின் (பின்னோக்கி வழுக்காமல் ஏற ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) ஒட்டி ஏறவும் தொடங்கியிருக்கிறேன். அங்கே ஃபியோன் என்ற வெப்பமான மலைக்காற்று அடித்து ஓய்ந்த பின் ஒரே இறக்கத்தில் மூன்று விதமான பனி கிடைக்கிறது: முகட்டில் காலை வைத்தால் உடையும் மேலோடு, மரநிழலில் பொடிப்பனி, அடிவாரத்தில் ஈரக் கஞ்சி. பருவத்துக்கு இருபது நாள் போகிறேன் என்றால், அதில் எட்டு நாளாவது ஏற்றம்; மிகுதி லிஃப்ட். கடையில் 108 மில்லிமீற்றர் அகலத்தைப் பரிந்துரைத்தார்கள். கூடவே ஏறும் நண்பர் 90-ஐத் தாண்டாதே என்கிறார். என் உயரம் 176 சென்ரிமீற்றர், எடை 74 கிலோ. ஒரு சோடிதான் வாங்க முடியும். அகலம், நீளம், பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயில் பூட்டும் பொறி) ஆகிய மூன்றையும் எப்படித் தீர்மானிப்பது?

வலேமலையன் எழுதியது:

வணக்கம். ஆழ்ந்த பனி கிடைத்த அந்த ஒரு நாளை மனத்தில் வைத்து ஸ்கீ தேடுவது எல்லோரும் செய்வதுதான். நானும் அப்படித்தான் 112 மில்லிமீற்றர் சோடி ஒன்றை வாங்கி இரண்டு குளிர்காலம் அதனுடன் மல்லுக்கட்டினேன். அல்ப்ஸில் தொடப்படாத பொடிப்பனி இரண்டு மூன்று நாளில் காற்றாலும் வெயிலாலும் மாறிவிடுகிறது. ஆகவே, உங்கள் பருவத்தின் மிக மோசமான ஒரு மணிநேரத்தில் எந்த ஸ்கீ உங்களைத் தாங்கும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

அந்த மணிநேரம் பெரும்பாலும் இறக்கத்தில் வருவதில்லை, ஏற்றத்தில்தான் வருகிறது. இரவு உறைந்து கண்ணாடியாகிவிட்ட சரிவை விடியற்காலையில் குறுக்காகக் கடக்கும்போது, மலைப்பக்க விளிம்பு மட்டுமே பனியைப் பிடிக்கிறது. அந்த விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 82-இல் 41 மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது; 112-இல் 56. நெம்புகோல் நீளும் அளவுக்குக் கணுக்கால் ஒவ்வோர் அடியிலும் முறுக்கப்படுகிறது. ஒரு சித்திரை மாதத்தில் அப்படியொரு சரிவின் நடுவே நின்று, பையிலிருந்த ஸ்கீ முள்தட்டுகளை (உறைபனியைக் குத்திப் பிடிக்க ஸ்கீயின் இருபுறமும் இறங்கும் பற்கள் கொண்டவை) எடுத்து மாட்டப் பார்த்தேன். அவை என் பழைய சோடிக்கு வாங்கியவை. புதிய ஸ்கீயின் அகலத்துக்குக் கீழிறங்கவே இல்லை. ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டி, சப்பாத்து நுனியால் படி உதைத்து உதைத்து, பத்து நிமிடத் தூரத்தை ஒரு மணிநேரத்தில் கடந்தேன்.

உங்கள் எட்டு ஏற்ற நாட்களுக்கு 98 முதல் 102 வரை போதும். 82-இலிருந்து 100-க்கு வந்தாலே ஒவ்வொரு ஸ்கீயிலும் ஏறத்தாழ 300 சதுர சென்ரிமீற்றர் பரப்புக் கூடுகிறது. கெம்ஸ்டொக்கில் நீங்கள் பட்ட பாடு இனி இராது. முள்தட்டையும் அதே அகலத்துக்குச் சேர்த்தே வாங்குங்கள்.

மேற்குக்கரையான் எழுதியது:

நான் கனடாவில் ரெவல்ஸ்ரோக் பக்கம் இருக்கிறேன். இங்கே ரோஜர்ஸ் கணவாயில் ஏறுபவர்களிடம் 108 என்பது அன்றாட அகலம். பனி அப்படிக் கொட்டுகிறது. ஆனால் உங்கள் மலைக்கு வலேமலையன் சொன்ன அகலமே சரி என்று எனக்கும் படுகிறது. நான் மாறுபடுவது வேறோர் இடத்தில்: உடையும் மேலோட்டிலும் கஞ்சிப்பனியிலும் உங்களைக் காப்பாற்றுவது அகலம் மட்டுமே அல்ல, எடையும் வடிவமும்கூடத்தான்.

ஏற்றத்துக்கு இலேசாக இருக்கட்டும் என்று 1,350 கிராம் கார்பன் ஸ்கீ ஒன்றை வைத்திருந்தேன். ஏறும்போது காலில் இருப்பதே தெரியாது. இறங்கும்போதோ, உறைந்த கட்டி ஒவ்வொன்றிலும் முனை தட்டுப்பட்டு விலகி, அதிர்வு முழங்கால் வரை ஏறியது. பனியை வெட்டிக்கொண்டு போக ஸ்கீக்குக் கொஞ்சம் கனம் வேண்டும். ஒரு ஸ்கீ 1,600 முதல் 1,750 கிராம் வரை இருந்தால் இரு பக்கத்துக்கும் நியாயம் கிடைக்கும். இரண்டு உலோகத் தகடுகள் வைத்த நோர்டிக்கா என்ஃபோர்சர் 100 போன்றவை லிஃப்ட் நாட்களில் அருமையானவை. ஆயிரம் மீற்றர் ஏற்றத்துக்கு அவற்றை நான் கட்டமாட்டேன்.

வடிவத்தைப் பொறுத்தவரை, முனை நன்றாக மேல்வளைந்த ராக்கராக இருக்கட்டும். காலுக்குக் கீழே கேம்பர் (நடுப்பகுதி மேலெழுந்த வளைவு) இருக்க வேண்டும், உறைபனியில் விளிம்பு பிடிப்பது அதனால்தான். வாலில் சிறிதளவு ராக்கர் இருந்தால் மேலோட்டுக்குள் மாட்டிக்கொள்ளாமல் திருப்பத்தை முடித்து வெளியே வரும். ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி 2000-களின் தொடக்கத்தில் வோலன்ட் நிறுவனத்துடன் சேர்ந்து ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தபோது, நீர்ச்சறுக்கு மட்டையைப் போல வளைவையே தலைகீழாக்கிக் காட்டினார். இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு ராக்கர் முனையிலும் அந்தத் துணிச்சலின் பங்கு இருக்கிறது. அவரை நினைக்காமல் என்னால் இதைப் பற்றி எழுத முடிவதில்லை.

நீளம் 178 சென்ரிமீற்றருக்கு அருகில் எடுங்கள். ராக்கர் இருப்பதால் கடினப் பனியைத் தொடும் நீளம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 185-க்குப் போனால் செங்குத்துச் சரிவில் நின்ற இடத்தில் காலைத் தூக்கித் திரும்புவது தொல்லை.

பட்டறைக்காரன் எழுதியது:

சூரிச்சில் ஸ்கீ பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் பைண்டிங் பற்றி எழுதுகிறேன். நாற்பது வீதம் ஏற்றம் என்றால் முதலில் சப்பாத்தைப் பாருங்கள். முன்நுனியில் ஊசிகள் பிடிப்பதற்கான உலோகக் குழிகள் இல்லாவிட்டால் ஊசி வகைப் பைண்டிங்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஊசி மட்டுமே கொண்ட பைண்டிங் ஒரு காலுக்கு 300 முதல் 600 கிராம் வரை நிற்கும். ஏற ஊசி, இறங்கச் சாதாரண முன்பகுதி என்று இரண்டும் சேர்ந்த ஷிஃப்ட் போன்ற கலப்பு வகை 900 கிராமை நெருங்கும். ஆனால் விழும்போது கழலும் விதத்தில் லிஃப்ட் பைண்டிங்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 9462 தரத்துக்கு அது இணங்குகிறது. லிஃப்ட்டில் பன்னிரண்டு நாள் வேகமாக ஓடும் உங்களுக்கு நான் கலப்பு வகையையே பூட்டித் தருவேன். ஊசி வகையை எடுத்தால் ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்: ஏறும்போது பூட்டிய முன்நெம்புகோலை இறங்குமுன் விடுவிக்க வேண்டும். பூட்டியபடியே விழுந்தால் ஸ்கீ கழலாமல் போகலாம். பனிச்சரிவில் அது ஆளை ஆழத்துக்கு இழுக்கும் நங்கூரமாகிவிடும்.

பிரேக் (கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பனியில் குத்தி நிறுத்தும் கைகள்) ஸ்கீயின் இடையைவிடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். மிக அகலமானால் திருப்பத்தில் பனியில் இழுபடும். ஸ்கின் மொஹெயரும் (ஆட்டு உரோமம்) நைலோனும் கலந்ததாக வாங்கி, இருபுறமும் எஃகு விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி வெட்டுங்கள். விளிம்பை மூடிவிட்டால், மேலே சொன்ன உறைந்த சரிவில் எந்த அகலமும் பிடிக்காது.

பேர்ண்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் சப்பாத்தில் ஊசிக்குழிகள் இருக்கின்றன. 100 மில்லிமீற்றர், 178 நீளம், கலப்புப் பைண்டிங் பூட்டிய சோடி ஒன்று அந்தர்மாத்தில் வாடகைக்குக் கிடைக்கிறது. சனிக்கிழமை எடுத்துப் பார்க்கப் போகிறேன். ஒரு நாளுக்குள் எங்கெல்லாம் ஓடிப் பார்த்தால் அதன் குணம் தெரியும், அண்ணா?

வலேமலையன் எழுதியது:

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு டாவோஸிலுள்ள பனி ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்து, அபாய மட்டம் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் பாதைக்கு வெளியே போகாமல் ஓரங்களிலேயே ஓடுங்கள். காலை முதல் லிஃப்ட்டில் ஏறி, வெயில் படுமுன் மிகக் கடினமான ஓடுபாதையில் இரண்டு முறை இறங்குங்கள். பிறகு ஸ்கின் ஒட்டி, அதே கடினப் பனியில் அனுமதியுள்ள ஓர் ஓரத்தில் ஐம்பது காலடி குறுக்காக நடந்து பாருங்கள். பொடிப்பனியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த அகல ஸ்கீயும் நன்றாகத்தான் இருக்கும்.