பாஆன் போனீர்களா? அங்கே யாரைப் பார்த்தீர்கள்?

மோல்மேன்காரன்:

பர்மாவில், மோல்மேனில் இருக்கிற தமிழர்கள் நாம். தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம், அடுத்து பகோடாவுக்கு (புத்தர் கோயில்), அப்புறம் சந்தைக்கு. பக்கத்துக் கரேன் மாநிலத்தின் தலைநகரான பாஆன் என்றால் காலையில் வண்டி பிடித்துப் போய், இரண்டு இடத்தைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் மோல்மேன் திரும்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். 2019 ஜனவரியில் மாமாவோடு போய் இரண்டு ராத்திரி தங்கிய பிறகுதான் அவர்கள் எல்லாருக்கும் அந்த ஊரைக் காட்டாமலே திருப்பி அனுப்பிவிட்டேன் என்று புரிந்தது.

மாமா இங்கே பிறந்தவர். 1964-ல், ஒன்பது வயதில், ரங்கூனில் கப்பலேறி அப்பா அம்மாவோடு இந்தியாவுக்குப் போனவர். 55 வருடம் கழித்து வந்தார். வந்தவர் வீட்டில் உட்காரவே இல்லை. "ஆத்தைக் காட்டுடா, மலையைக் காட்டுடா" என்று ஒரே பிடி.

முதல் நாள் சதான் குகை. பாலி மொழியில் சத்தந்தம் என்பார்கள், ஆறு தந்தமுள்ள யானை. புத்தர் முற்பிறவியில் அந்த யானைகளுக்கு அரசனாக இருந்தார் என்று ஜாதகக் கதை. அந்தப் பெயர்தான் பர்மியர் வாயில் சதான் ஆகிவிட்டது. வாசலிலேயே புத்தர் சிலைகள் இருப்பதால் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், ஆனால் அங்கே விட்டுவிடக் கூடாது. கையில் எடுத்துக்கொண்டே நடக்கணும், ஏனென்றால் நீங்கள் வெளியே வருவது மலையின் மறுபக்கம். உள்ளே தரை சில இடத்தில் களிமண்ணாக வழுக்கும். தலைக்கு மேலே வௌவால் சத்தம், அதன் எச்ச நாற்றம். நல்ல டார்ச் வேண்டும், போன் வெளிச்சம் பற்றாது. 64 வயது மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். ஒரு இடத்தில் கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். முழங்கை சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. நான்தான் பயந்து போனேன்.

குகையின் அந்தக் கோடியில் வெளிச்சம் வரும், நீர்நிலை வரும், சின்னத் துடுப்புப் படகுகள் நிற்கும். அதில் ஏறினால் இன்னொரு மலையின் அடியில் நுழைந்து வயல் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். எங்களுக்கு வந்த படகுக்காரர் கரேன் இனத்துப் பெரியவர் ஒருவர், மாமா வயதுதான் இருக்கும். நானும் மாமாவும் தமிழில் பேசிக்கொண்டே வந்தோம், அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாறை தாழ்ந்து தலையில் இடிக்கிற இடம் வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "குனி, குனி! தலை, தலை!"

தமிழில்.

மாமா குனிந்தவர் நிமிரவே மறந்துவிட்டார். வெளியே வந்ததும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் சொன்னார்: சின்ன வயதில் தாட்டோன் ஊர்ப் பக்கம் இருந்தாராம், பக்கத்தில் எல்லாம் தமிழ்க்காரர் வீடாம், அவர்களோடு நெல் அறுத்தாராம். வா, போ, குனி, சோறு, தண்ணி, மாடு எல்லாம் வரும். மாமாவுக்கு இருக்கிற பர்மா பாஷையும் ஒன்பது வயதுப் பையனின் பாஷைதான். இரண்டு பேரும் அவரவருக்கு மிச்சமிருந்த சொற்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த சவாரிக்கு ஆள் காத்திருந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. மாமாவை "ஊலே" (பர்மா பாஷையில் மாமா) என்றுகூடக் கூப்பிடவில்லை, கடைசியில் "அண்ணே" என்றார்.

ஒரே நாளில் மோல்மேன் திரும்புகிற அவசரத்தில் இருந்திருந்தால் நான் நடுவிலேயே மாமாவைக் கிளப்பியிருப்பேன். அதனால்தான் தங்குங்கள் என்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் ஷ்வே யின் மியாவ் பகோடா அருகே துறையில் படகேறி, தான்ல்வின் ஆற்றைக் கடந்து பான்பு மலை. சின்ன மலைதான், ஆனால் படி செங்குத்து. மேலே நின்றால் ஆறு வளைவதும், ஊரும், எதிரே ஸ்வேகபின் மலையும் ஒன்றாகத் தெரியும். திபெத்தில் கிளம்பி அவ்வளவு தூரம் வருகிற ஆறு, நம் ஊர் தாண்டினால் கடல். மாமா அதைப் பார்த்தபடி சூரியன் இறங்கும்வரை பேசவில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாஆனில் வௌவால் குகை என்று இன்னொன்று இருக்கிறது. அதற்கும் அந்தி நேரம்தான், அதனால் ஒரே நாளில் இரண்டும் முடியாது. நாங்கள் முதல் நாள் போனோம். சூரியன் மறைந்ததும் வௌவால்கள் புகை மாதிரிக் கிளம்பி ஆற்றின் மேல் போய்க்கொண்டே இருக்கும். வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள்.

தாட்டோன் அக்கா:

தம்பி, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. நான் ஸ்வேகபின் ஏறின கதையச் சொல்றேன்.

722 மீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. அத்தனையும் படி. அடிவாரத்துல லும்பினி தோட்டம், ஆயிரத்துக்கு மேல புத்தர் சிலை வரிசை வரிசையா உக்காந்திருக்கும். அங்க வெயில் வந்த பிறகு ஏற ஆரம்பிச்சா செத்தோம். நாங்க விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம். நான், என் ரெண்டு பிள்ளைங்க, நாத்தனார். பாதிக்கு மேல எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. அந்த வழியா மேல மடத்துக்குச் சாமான் தூக்கிட்டுப் போற ஒரு கரேன் அம்மா, என்னைவிட மூத்தவங்க, தலையில சும்மாடு, முகத்துல தனாக்கா, அதான் இங்க பூசுற மரப்பட்டைச் சாந்து. நின்னாங்க. என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. தன் கையில இருந்த மூங்கில் கம்பை என் கையில கொடுத்துட்டு, ஒண்ணும் பேசாம ஏறிப் போயிட்டாங்க. திருப்பிக் கொடுக்கணும்னு மேல போய்த் தேடினேன். அவங்க கையில வேற ஒரு கம்பு! "எடுத்துட்டுப் போ, இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும்"னாங்க. உண்மைதான், இறங்கும்போதுதான் உயிர் போச்சு. அந்தக் கம்பு இன்னும் எங்க வீட்டு மூலையில நிக்குது.

குரங்கைப் பத்தி யாரும் சொல்லல. கையில பிளாஸ்டிக் பை தொங்கக் கூடாது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு அது கேக்காது, பிடுங்கிரும். என் சின்னவன் வாழைப்பழத்தை ஒளிக்கப் போய், குரங்கு அவன் சட்டையையே பிடிச்சுருச்சு. மடத்துப் பையன் ஒருத்தன், குட்டி பொங்கி (புத்த பிக்கு), பத்து வயசு இருக்கும், ஓடிவந்து விரட்டினான். அப்புறம் என் பிள்ளைகூட உக்காந்து அந்தப் பழத்தைப் பங்கு போட்டுக்கலாம்னு பார்த்தா, மத்தியானத்துக்கு மேல சாப்பிடக் கூடாதுன்னு வேண்டாம்னுட்டான். என் பிள்ளையும் அப்ப சாப்பிடல, கீழ வந்துதான் சாப்பிட்டான்.

ரங்கூன் தம்பி:

நான் செய்த தவறைச் சொல்கிறேன், மற்றவர்கள் செய்யாமல் இருக்கட்டும். ஆகஸ்டில் போனேன். அந்தப் பக்கம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை. சதான் குகைக்குள் தண்ணீர், மூடிவிட்டார்கள். ஆறு கரையைத் தொட்டு ஓடியது, துறையில் படகு எடுக்க மாட்டேன் என்றார்கள். நான் அதிகப் பணம் தருகிறேன் என்று சொன்னேன். படகுக்காரர் கோபப்படவில்லை. ஆற்றில் முழு மரம் ஒன்று உருண்டு போவதைக் கையால் காட்டினார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டேன்.

பதிலுக்கு காவ்குன் குகைக்குப் போனேன். பாறைச் சுவர் முழுக்க உள்ளங்கை அளவு சுடுமண் புத்தர்கள், ஆயிரக்கணக்கில். சௌக் கலாப்பும் பார்த்தேன், ஏரி நடுவில் விரல் மாதிரி நிற்கும் பாறை, அதன் உச்சியில் பகோடா. அங்கே மத்தியானம் தியான நேரம், கதவை மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் போங்கள். மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மடம் நல்ல இடம்.

நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். இதைத்தான் எனக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

மோல்மேன்காரன்:

அக்கா, அந்தக் கம்பைப் பத்திரமா வையுங்க.

இன்னொருவர் தனியாகக் கேட்டிருந்தார், திரும்பும்போது எப்படி வந்தோம் என்று. ஆற்று வழியாகத்தான், படகில், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். பஸ்ஸில் வந்தால் அதில் பாதி. ஆனால் மாமாவுக்கு ஆற்றில் வரணும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிழல் கிடையாது. 2021-க்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது போக நினைப்பவர்கள் வழி எப்படி இருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டபிறகு மட்டும் கிளம்புங்கள்.

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்கணும், நீங்கள் தாட்டோன் என்பதால். அந்தப் படகுக்காரர் கிளம்பும்போது மாமாவிடம் ஒரு விசாரணை வைத்தார். சின்ன வயதில் அவரோடு சேர்ந்து எருமை மேய்த்த ஒரு தமிழ்ப் பையன், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, அப்பா மாட்டு வண்டி வைத்திருந்தவர். ஒருநாள் வீடே காலியாக இருந்ததாம். பெயர் "குட்டி" என்று மட்டும்தான் நினைவிருக்கிறது. இந்தியாவுக்குப் போனானா, இங்கேயே வேறு ஊருக்குப் போனானா என்று தெரியாது. மாமா ஊரில் போய் பர்மா திரும்பியவர்கள் குடியிருப்பில் விசாரித்துவிட்டார், கிடைக்கவில்லை. உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் இங்கே எழுதுங்கள். சதான் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன்.