கான்கூன் – சிச்சென் இட்சா – செனோட்டே: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: மெக்சிகோவின் கான்கூன் நகரத்திலிருந்து, மாயா பிரமிடு இருக்கும் சிச்சென் இட்சாவுக்கு வழிகாட்டியோடு போய், செனோட்டேயில் (நிலத்தடி நீர் நிறைந்த இயற்கைக் கிணறு) குளித்துவிட்டு இரவுக்குள் கான்கூன் திரும்பணும். எதைக் கவனிக்கணும்?

பதில் 1: தாராளமா முடியும். ஒரு வழி சுமார் 200 கி.மீ., இரண்டரை மணி நேரம். சிச்சென் இட்சா இருக்கும் யுகடான் மாநிலத்தின் கடிகாரம் கான்கூனைவிட ஒரு மணி நேரம் பின்னால், அதனால் காலை 8 மணிக்குத் திறக்கும்போதே நுழையலாம். தாமதமா கிளம்பும் பயணம் வேண்டவே வேண்டாம். பிரமிடைச் சுற்றி நிழலே கிடையாது. மேலே ஏறவும் விடமாட்டாங்க.

பதில் 2: நுழைவுக் கட்டணம் மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. பயண விலையில் இரண்டும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கோங்க. இல்லாவிட்டால் வாசலில் பெசோவை எண்ணி வைக்கணும்.

பதில் 3: இக் கில் என்ற செனோட்டே சிச்சென் இட்சாவிலிருந்து சுமார் 3 கி.மீ. தண்ணீர் தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 26 மீட்டர் கீழே. படிகள் எப்போதும் ஈரம், பிடிப்புள்ள செருப்பு போடுங்க. ஆழம் 40 மீட்டருக்கு மேல், லைஃப் ஜாக்கெட் அவசியம். சன்ஸ்கிரீன் பூசாதீங்க: சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடும் நிலத்தடி நீர் அது, கலந்தது அதிலேயே பரவும். ஷவரில் குளித்த பிறகே இறங்கணும். வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போதும்.