கடை வெளிச்சத்தில் ஒத்துப்போன பிளவுஸ் துணி வெயிலில் ஒட்டாமல் நிற்பது ஏன்?

தையல்பெட்டி:
அரக்குப் பட்டுப்புடவைக்கு டூ பை டூ பருத்தியில் பிளவுஸ் பிட் எடுத்தது. கடையின் எல்இடி விளக்கில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. வாசலுக்குக் கொண்டுவந்தால் புடவை நன்றாகச் சிவந்தும், பிட் பழுப்படித்தாற்போலவும் தெரிகிறது. கோளாறு சாயத்திலா, விளக்கிலா, கண்ணிலா? அடுத்த முறை எப்படிப் பார்த்து எடுப்பது?

விழித்திரை:
சாயத்தைக் குறை சொல்ல வேண்டாம். நிறம் அறிய விழித்திரையில் இருப்பவை மூன்றே வகைக் கூம்பு செல்கள். ஒரு வகை சுமார் 420 நானோமீட்டர் அலைநீளத்திலும், இன்னொன்று 530-இலும், மூன்றாவது 560-இலும் உச்சமாகத் தூண்டப்படும். தன்மேல் விழுந்தது எந்த அலைநீளம் என்று கூம்பு சொல்வதில்லை, எவ்வளவு தூண்டப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே துணியிலிருந்து வரும் ஒளிக்கலவை முழுவதும் மூளைக்கு வெறும் மூன்று அளவுகளாகச் சுருங்கிவிடுகிறது. இரு வேறு கலவைகள் அதே மூன்று அளவுகளைத் தந்தால், நமக்கு அவை ஒரே நிறம். இதை மெட்டாமெரிசம் என்பார்கள்.

பட்டுக்கு வழக்கமாக அமிலச் சாயம், பருத்திக்கு ரியாக்டிவ் சாயம். இரண்டும் ஒளியை உறிஞ்சும் விதம் வேறு. சாதாரண வெள்ளை எல்இடி என்பது 450 நானோமீட்டர் வாக்கில் நீலம் உமிழும் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியது. அதில் ஆழ்சிவப்பு மெலிந்துபோயிருக்கும். அரக்கின் உயிரே ஆழ்சிவப்பில்தான் இருக்கிறது. விளக்கு தராததைப் பட்டு திருப்பியனுப்ப முடியாது. அதனால்தான் உள்ளே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

விளக்கின் அட்டையில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண்) 80 என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். அது எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அடர்சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அந்தக் கணக்கில் சேராது. சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும்.

சாயப்பட்டறை:
மேலே சொன்னது சரி. இதற்காகத்தான் லேப் டிப்பை, அதாவது சோதனைக்குச் சாயமேற்றிய சின்னத் துணியை, லைட் பாக்ஸ் என்ற விளக்குப் பெட்டியில் வைத்து, பகல் ஒளிக்கு டி65, கடை ட்யூப்லைட்டுக்கு டிஎல்84, குண்டு பல்புக்கு ஏ என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். பெட்டி இல்லாமலும் செய்யலாம்.

பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், நேர்வெயில் படாத திறந்த நிழலுக்குப் போங்கள். போனதும் முடிவெடுக்காதீர்கள். உள்ளிருந்த விளக்கின் சாயலை மூளை கழித்துக்கொண்டிருக்கும். புது வெளிச்சத்துக்குப் பழக ஓரிரு நிமிடம் வேண்டும். பிட்டை நான்காக மடியுங்கள். ஒற்றை மடிப்பில் அடியில் உள்ளது ஊடுருவித் தெரிந்து நிறத்தைக் கெடுக்கும். புடவையின் உடல் பகுதியோடு விளிம்புக்கு விளிம்பு இடைவெளியின்றி ஒட்டி வையுங்கள். ஜரிகைக் கரையை வெள்ளைத் துணியால் மூடிவிடுங்கள், பக்கத்து நிறம் பார்க்கும் நிறத்தை இழுத்துவிடும். பாரிஸின் கோப்லான் நெசவாலையில் கறுப்புச் சாயம் வெளிறிக் காண்கிறது என்று புகார் எழுந்தபோது, சாயத்தில் பிழையில்லை, பக்கத்து நூல்களின் நிறமே காரணம் என்று பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் காட்டினார்.

பிறகு அதே ஜோடியைக் குண்டு பல்பின் கீழே வைத்துப் பாருங்கள். இரண்டு வெளிச்சத்திலும் ஒத்துப்போனால் தைரியமாக வெட்டலாம். ஒன்றில் மட்டும் பிரிந்தால் மெட்டாமெரிசம். இரண்டிலுமே பிரிந்தால் அது நிறமே வேறு.

அந்தி வெளிச்சத்தில் அரக்கைப் பார்க்கவே வேண்டாம். ஒளி குறையக் குறைய, மங்கலில் பார்க்க உதவும் குச்சி செல்களின் கை ஓங்கும். அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது, அரக்கு கறுத்துவிடும்.

தையல்பெட்டி:
மயில் கழுத்து நிறத்துக்கும் இதே முறைதானா? ஒரே ஜோடியை ஒருவர் பொருத்தம் என்கிறார், வயதானவர் இல்லை என்கிறார், யாரை நம்புவது? போனில் படமெடுத்து ஒப்பிடலாமா?

சாயப்பட்டறை:
மயில் கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். கோணம் மாறினால் நிறமும் மாறும். ஒற்றை நிறப் பிட் எல்லாக் கோணத்திலும் பொருந்தாது. துணியைத் தொங்கவிட்டு, உடுத்தினால் கண்ணில் படும் கோணத்தில் எது மேலோங்குகிறதோ அதற்கு எடுங்கள், அல்லது புடவையோடு நெய்த பிளவுஸ் பகுதியையே வெட்டுங்கள்.

விழித்திரை:
இருவர் சொல்வதும் அவரவர் கண்ணுக்கு உண்மை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடித்து நீல ஒளியை வடிகட்டுகிறது. ஆகவே மெட்டாமெரிக் ஜோடி ஒருவருக்குப் பொருந்தி, மற்றவருக்குப் பிரியலாம். உடுத்தப்போகிறவரின் கண்ணுக்கே விடுங்கள்.

போன் வேண்டாம். கேமராவின் வடிகட்டிகள் நம் கூம்புகளைப் போன்றவை அல்ல. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை அது பிரித்துக் காட்டும், பிரிந்ததை ஒன்றாக்கும்.