பொருள்: மிக்ஸ் 'டிரான்ஸ்லேஷன்': தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

ஒலிக்கலவைப் (மிக்ஸிங்) பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வசன வரிகளைக் கையளிக்க வேண்டும். ஸ்டூடியோ மானிட்டரில் கச்சிதமாகக் கேட்கும் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் போனில் காணாமல் போகின்றன, காரில் குமுறுகின்றன. எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் கலவை குலையாமல் வருவதை இத்துறையில் 'டிரான்ஸ்லேஷன்' என்கிறார்கள். இப்போதைக்கு 'ஒலிபெயர்ப்பு' என்று போட்டிருக்கிறேன். 'மிக்ஸ் டிரான்ஸ்லேட் ஆகலை' என்ற வரி அடிக்கடி வருவதால் சொல் வினையாகவும் நிற்க வேண்டும்.

—

> இப்போதைக்கு 'ஒலிபெயர்ப்பு' என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம் ஐயா. பிறமொழிச் சொல்லின் ஒலியை நம் எழுத்தில் எழுதுவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. பொருளும் நேர் எதிராகிவிடும். 'பெயர்தல்' என்றால் நீங்குதல், மாறுதல். குறுந்தொகையில் வரும் 'மொழிபெயர் தேஎம்' மொழி மாறிப்போகும் நாடுதானே? நமக்கு வேண்டியது மாறாதிருப்பது. 'நிலைபேறு' என்று வைக்கலாம். 'கலவை நிலைபெறவில்லை' என்று வினையும் கிடைக்கிறது.

கையோடு 'கிக்' என்பதையும் மாற்றிவிடுங்கள். காலால் மிதித்து அடிப்பதால் 'மிதிமுழவு'.

—

'நிலைபேறு' நடப்பதற்குப் பொருந்தாது. நான்கு தந்தி பேஸின் அடி 'ஈ' தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அங்கே 41-ம் கிடையாது, 82, 123, 165-ம் கிடையாது. 206, 247 எனத் தொடரும் மேற்சுரங்களே (அடிச்சுரத்தின் மடங்குகள்) காதுக்கு வருகின்றன. அவற்றின் இடைவெளி 41 என்பதால் இல்லாத அடிச்சுரத்தை நம் செவியே ஊகித்துக்கொள்கிறது. எதுவும் நிலைபெறவில்லை, போனது போக மிஞ்சியதை வைத்துச் சுருதி பிடிபடுகிறது.

வேலையும் அப்படித்தான் நடக்கிறது. பேஸ் டிராக்குக்கு ஒரு நகல் எடுத்து, அதில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, சாச்சுரேஷன் (மேற்சுரம் கூட்டும் லேசான ஒலிச்சிதைவு) ஏற்றி, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் மழித்துவிட்டு, மூல டிராக்குக்கு அடியில் மெதுவாகக் கலக்க வேண்டும். போனில் நடை புரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். கலக்கும்போது பேஸ் மெலிந்தால், வெட்டிய ஃபில்டர் அந்த இடத்தில் ஃபேஸைத் (அலையின் ஏற்ற இறக்க நேரத்தை) திருப்பியிருக்கிறது என்று பொருள். நகலின் போலாரிட்டியை மாற்றி (அலையைத் தலைகீழாக்கி) பார்த்து, எது தடிப்பாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். கிக்குக்குப் போனில் உயிர் கொடுப்பது 60 ஹெர்ட்ஸ் அல்ல. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அடியின் 'டக்'.

மிக்ஸ் செய்கிறவர்கள் வாயில் வருவது 'போன்ல பேஸ் எடுபடலை' என்பதே. அதையே சொல்லாக்குங்கள்: எடுபாடு.

—

'எடுபாடு' இலக்கணத்துக்கு ஒத்தது. படு என்பது பாடு ஆவது முதனிலை திரிந்த தொழிற்பெயர். வெளிப்படு – வெளிப்பாடு, புறப்படு – புறப்பாடு, ஏற்படு – ஏற்பாடு. இவற்றில் படு துணைவினையாய்க் கரைந்துவிட்டதா, தனிப்பொருள் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'எடுபடு'வில் எடுக்கும் தன்மை இன்னும் இருக்கிறது: குரல் எடுக்கிறது, பாட்டு எடுத்தது. ஒலிக்கு 'எடு' புதிதே அல்ல. எடுப்பான குரல் என்கிறோம், எடுப்பு என்றே பல்லவியில் ஓர் இடம் இருக்கிறது. 'எடுப்பு'ம் 'எடுபாடு'ம் உடன்பிறப்புகளா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

'மிதிமுழவு' எனக்கும் பிடித்திருக்கிறது.

—

டிராக்கின் மேல் 'கிக் இன்', 'கிக் அவுட்' (டிரம்முக்கு உள்ளே, வெளியே வைத்த மைக்குகள்) என்று எழுதியிருப்பதைப் பார்த்து வேலை செய்யும் மாணவரிடம் மிதிமுழவு என்றால் எந்த டிராக்கைத் திறப்பார்? கிக் கிக்காகவே இருக்கட்டும்.

'எடுபாடு' பாதியைத்தான் சொல்கிறது. 4 மீட்டர் நீள அறையில் முதல் நிலையலை (சுவர்களுக்கிடையே எதிரொலித்து, சுவரோரம் பெருத்தும் நடுவில் அடங்கியும் நிற்கும் அலை) சுமார் 43 ஹெர்ட்ஸில் விழும். மிக்ஸ் செய்பவரின் நாற்காலி அறையின் நட்டநடுவில் இருந்தால் அவருக்கு அந்த 'ஈ' கேட்காது. 6 டெசிபல் ஏற்றிவிடுவார். காரில் போட்டால் அதே சுரம் கதவை உலுக்கும். அங்கே பேஸ் எடுபடவில்லையா? அளவுக்கு மேல் எடுபடுகிறது! அதுவும் டிரான்ஸ்லேஷன் பிழைதான். இரண்டையும் அடக்கும் சொல் வேண்டும். முதல் மடலிலேயே 'குலையாமல்' என்று இயல்பாக வந்திருக்கிறது. 'குலையாமை' போதும்.

—

> அளவுக்கு மேல் எடுபடுகிறது!

அதற்கு 'குமுறுது' என்ற சொல் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால் மாணவருக்குச் சொல்லும் இரண்டாக இருப்பதே நல்லது. எடுபடாவிட்டால் மேற்சுரம் சேர்க்க வேண்டும். குமுறினால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 100-க்குக் கீழே மோனோவாக்கி (இடம் வலம் பிரிக்காமல் ஒன்றாக்கி), துருத்தும் சுரத்தை மட்டும் டைனமிக் ஈக்யூவால் (அந்தச் சுரம் மிகும்போது மட்டும் தாழ்த்தும் ஈக்வலைசர்) அடக்க வேண்டும். கிக்கும் பேஸும் 60 ஹெர்ட்ஸிலேயே மோதினால் ஒன்றுக்கு வழி விட வேண்டும்: கிக்குக்கு 60, பேஸுக்கு 90-ஐ ஒட்டிய இடம். இல்லையென்றால் கிக் அடிக்கும்போது மட்டும் பேஸை 2, 3 டெசிபல் தாழ்த்தும் சைட்செயின். அதன் ரிலீஸ் (தாழ்த்தியது பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) அடுத்த கிக்குக்குள் முடிந்துவிட வேண்டும்.

இன்னொன்று. ஒலியளவைக் குறைத்தால் காது முதலில் இழப்பது தாழொலியைத்தான். மெல்லிய ஒலியிலும் பேஸின் நடை தொடர்ந்தால் எடுபாடு இருக்கிறது. 'குலையாமை' என்று எதிர்மறையில் வைத்தால் இதை எப்படிச் சோதிக்கச் சொல்வீர்கள்?

—

அனைவருக்கும் நன்றி. இதுவரை எடுபாட்டுக்கு ஐவர், குலையாமைக்கு இருவர், நிலைபேற்றுக்கு ஒருவர். நாள் நெருங்குவதால் 'எடுபாடு' என்று போடுகிறேன். கிக் அப்படியே இருக்கும்.

—

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துவிடுங்கள். வசன வரி திரையில் இரண்டு நொடி நிற்கும். 'எடுபாடு' என்று எழுதினால் பாதிப் பேர் 'ஈடுபாடு' என்றே படிப்பார்கள், பிழை திருத்துபவரும் அப்படியே மாற்றிவிடுவார். பெயர்ச்சொல்லே வேண்டாம். 'எல்லா ஸ்பீக்கரிலும் எடுபடணும்' என்று வினையாகவே எல்லா இடத்திலும் எழுதுங்கள். அருஞ்சொல் பட்டியலில் மட்டும் எடுபாடு இருந்துவிட்டுப் போகட்டும். அங்கேயும் பக்கத்தில் 'குலையாமை' என்று ஒரு வார்த்தை சேருங்கள்.