13பி டர்போவுக்கு 2 மி.மீ. ஏபெக்ஸ் சீலா, 3 மி.மீ. சீலா?

கேள்வி – பழைய_எஃப்சி

வணக்கம். என்னிடம் 1989ஆம் ஆண்டு தயாரிப்பான மாஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ இருக்கிறது. எஃப்சி வகை, 13பி எஞ்சின்; அதாவது பிஸ்டன்களுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் ஹவுசிங் எனும் உறைக்குள் சுற்றும் ரோட்டரி எஞ்சின். குளிர்ந்த நிலையில் ஒழுங்காகக் கிளம்பும் வண்டி, சூடேறிய பின் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுத்தது. சோதித்ததில் முன் ரோட்டரின் கம்ப்ரஷன் குறைந்திருப்பது தெரிந்து எஞ்சினைப் பிரித்துவிட்டோம். ரோட்டரின் முனைகளில் அமர்ந்து ஹவுசிங் சுவரை உரசி வாயு கசியாமல் அடைப்பவை ஏபெக்ஸ் சீல்கள்; நிறுவனம் பொருத்தியவை 2 மி.மீ. தடிமன் கொண்டவை. ரோட்டரில் சீல் அமரும் காடிகளை 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டித் தடித்த சீல்களைப் போட்டால் அவை உடையவே உடையா என்றும், பிறகு பூஸ்ட்டை (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை) 1 பார் வரை துணிந்து ஏற்றலாம் என்றும் பட்டறைக்காரர் சொல்கிறார். வண்டி பெரும்பாலும் சாலையில்தான் ஓடும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பந்தயத் தடத்துக்குப் போகும், அங்கே 8000 ஆர்பிஎம் வரை சுற்றுவேன். வெட்டிய காடியை மீண்டும் ஒட்ட முடியாது என்பதால், வெட்டுவதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

பதில் – மூன்று_முனை

நான் 3 மி.மீ. பக்கம் நிற்பவன். ஒரே உலோகத்தில் செய்த இரண்டு சீல்களைப் பக்கவாட்டில் வளைத்தால், 3 மி.மீ. சீல் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கு சுமையைத் தாங்கும். அதே சுமைக்கு அது வளையும் அளவோ மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒருமுறை கடுமையாக நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) அடித்தாலே 2 மி.மீ. சீலின் முனை தெறித்துவிடக்கூடும். தெறித்த துண்டு ஹவுசிங்கின் குரோம் பரப்பைக் கீறிக்கொண்டு எக்சாஸ்ட் வழியாக வெளியேறி டர்போவின் டர்பைன் இறக்கையையும் தின்றுவிடும். அதாவது ஒரு சீல் போனால் ஒரு சீல் மட்டும் போவதில்லை. பூஸ்ட் ஏற்றும் எண்ணம் இருந்தால் வெட்டிவிடுங்கள். ஏபெக்ஸ் சீலின் இரு நுனிகளையும் பிடிக்கும் கார்னர் சீல்களும் 3 மி.மீ. பிளவு உடையவையாக இருக்க வேண்டும், ஸ்பிரிங்குகளும் மாறும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் – காடி_அளவு

மேலே உள்ள நண்பர் வலிமையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் எடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். 13பி ரோட்டரின் ஆரம் 105 மி.மீ., ரோட்டர்கள் சுழற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் மையவிலகல் 15 மி.மீ. ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்றுதான் சுற்றும். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ரோட்டர் தன்னைத்தானே சுற்றுவதால் சீலுக்குக் கிடைக்கும் வெளிநோக்கிய தள்ளலைக் கணக்கிட 105-ஐ 9-ஆல் வகுக்க வேண்டும், அது 11.67 மட்டுமே. ஹவுசிங்கின் ஒடுங்கிய இடுப்பை முனை கடக்கும்போது எதிர்த்திசையில் நிற்கும் 15 அதை மிஞ்சிவிடுவதால், சீல் சுவரை விட்டு உள்நோக்கி விலகப் பார்க்கிறது. 8000 ஆர்பிஎம்மில் இந்த விலகலுக்கான முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 240 மடங்கு. சீலைச் சுவரோடு பிடித்து வைப்பவை அதன் அடியில் புகும் வாயு அழுத்தமும் ஸ்பிரிங்கும்தான்.

3 மி.மீ. சீலின் எடை ஒன்றரை மடங்கு. அடிப்பரப்பும் ஒன்றரை மடங்கு என்பதால் முழு சுமையில் வாயு அழுத்தம் அதை ஈடுகட்டிவிடும். தடத்தில் உயர் ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போது வளைவுக்கு முன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்களே, அந்தக் கணத்தில் வாயு அழுத்தம் விழுந்து, ஒன்றரை மடங்கு கனத்தைப் பெரும்பாலும் ஸ்பிரிங் மட்டுமே தாங்க வேண்டியிருக்கிறது. சீல் துள்ளினால் ஹவுசிங்கில் அலையலையாகத் தழும்பு விழும். 8000 தொடும் எஞ்சினுக்கு இது சிறிய விஷயம் அன்று.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். சீலை உடைப்பது மெல்லிய தடிமன் அன்று, நாக்கிங்தான். சீலைத் தடிமனாக்கினால் நாக்கிங் நிற்காது. அந்த அடி காடியின் சுவருக்கும் ரோட்டருக்கும் போகும். எரிபொருள் கலவை, இக்னிஷன் நேரம், இன்டர்கூலர் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் 1 பார் ஏற்றினால் எந்தத் தடிமனும் உங்களைக் காப்பாற்றாது.

ஆனால் காடி தேய்ந்திருந்தால் கதையே வேறு. புதிய சீலைக் காடியில் வைத்து, பக்கவாட்டு இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டு அளந்து பாருங்கள். 0.15 மி.மீ.-ஐத் தாண்டினால் அந்தக் காடியில் 2 மி.மீ. சீல் ஆடத்தான் செய்யும். 3 மி.மீ.-க்கு வெட்டுவதற்கு நான் ஏற்கும் நல்ல காரணம் அது ஒன்றே.

பதில் – காஸ்மோ_காலம்

தடிமன் எப்போதும் ஒரே திசையில் போனதில்லை என்பதைக் கவனியுங்கள். 1967-இல் வந்த மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட்டில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்கள் இருந்தன, தடிமன் 6 மி.மீ. அதற்கு முந்தைய சோதனை எஞ்சின்களில் ஹவுசிங் முழுவதும் விழுந்த அலைத் தழும்புகளுக்கு மாஸ்டாவினர் 'பேயின் நகக் கீறல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கெனிச்சி யாமமோட்டோவின் குழுவைப் பல நாள் தூங்கவிடாத சிக்கல் அது. பிறகு உலோகச் சீல்கள் வந்தபோது 3 மி.மீ. போதுமானதாயிற்று, 1986 ஆர்எக்ஸ்-7 தலைமுறையில் 2 மி.மீ. ஆயிற்று. 2023-இல் எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி காரில் வந்த 8சி எஞ்சினில் மீண்டும் 2.5 மி.மீ.-க்கு ஏறியிருக்கிறார்கள். பின்வாங்கிவிட்டார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை, மின்சாரம் மட்டுமே தயாரிக்கிறது. அதன் உச்ச ஆற்றலே 4700 ஆர்பிஎம்மில்தான். காடி_அளவு சொன்ன விலகல் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், உங்கள் 8000-உடன் ஒப்பிட்டால் அங்கே அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மெதுவாகச் சுற்றி நெடுங்காலம் உழைக்க வேண்டிய எஞ்சினுக்குத் தடிமன் ஆதாயம். உங்களுடையது அந்த வகை அன்று.

கேள்வி கேட்டவர் – பழைய_எஃப்சி

அனைவருக்கும் நன்றி. இன்று ஆறு காடிகளையும் புதிய சீல் வைத்து அளந்தேன். பின் ரோட்டரின் மூன்றும் 0.08-க்கும் 0.10-க்கும் இடையில் உள்ளன. முன் ரோட்டரில் இரண்டு 0.11, ஒன்று மட்டும் 0.19. கம்ப்ரஷன் குறைந்ததும் இந்த ரோட்டரில்தான். முன் ரோட்டரை மட்டும் 3 மி.மீ.-க்கு வெட்டி, பின்னதை 2 மி.மீ.-ஆகவே விட்டுவிடலாமா?

பதில் – காடி_அளவு

அப்படிக் கலக்காதீர்கள். இரண்டு ரோட்டர்களின் எடையும் ஷாஃப்டின் எதிர் எடைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தியே அந்த எஞ்சின் அதிராமல் சுற்றுகிறது. ஒன்றில் மட்டும் இரும்பை வெட்டிக் கனமான சீலைப் போட்டால் அந்தச் சமநிலை குலையும். உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. அதே ஆண்டு வகையைச் சேர்ந்த, அதே கம்ப்ரஷன் விகிதமும் அதே எடைக் குறியும் உடைய நல்ல ரோட்டர் ஒன்றைப் பழைய சந்தையில் தேடி 2 மி.மீ.-இலேயே தொடரலாம். கிடைக்காவிட்டால் இரண்டையும் வெட்டி, முழுத் தொகுதியையும் பேலன்ஸ் செய்துகொண்டு, உச்ச வேகத்தை 7000-க்குள் வைத்துக்கொள்ளலாம். முதல் வழிக்கு ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தாலும் நான் அதைத்தான் தேர்வேன். தேடும்போது ஃபீலர் கேஜையும் ஒரு புதிய சீலையும் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள்; விற்பவர் "நல்ல ரோட்டர்" என்பதும் நீங்கள் அளப்பதும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை.