டீஃபால்ட் பாஸ்வேர்டைச் சோதிக்கும் ஸ்கேனரை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டால் சட்டச் சிக்கல் வருமா?

கேட்டவர்: வலைக்கண்
வணக்கம். நெட்வொர்க்கில் உள்ள ரௌட்டர், கேமரா, பிரிண்டர்களைத் தேடி, தயாரிப்பாளர் வைத்துத் தரும் டீஃபால்ட் பாஸ்வேர்ட் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று லாகின் செய்து பார்க்கும் கருவி இது. ஐரோப்பா, அமெரிக்காவிலும் பயன்படுத்துவார்கள். அங்கே ஹேக்கிங் கருவியை உருவாக்குவதும் கொடுப்பதுமே குற்றம் என்கிறார்கள். கருவியோடு வரும் விளக்கக் கோப்பான ரீட்மியில் 'கல்விக்கு மட்டும்' என்று போட்டால் போதுமா?

பதில்: சட்டகம்
அந்த ஒரு வரியை நம்பாதீர்கள். கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

இணையக் குற்றங்கள் பற்றிய 2001 புடாபெஸ்ட் உடன்படிக்கையின் 6ஆம் பிரிவுதான் பல நாட்டுச் சட்டங்களுக்கு மூலம். அனுமதி பெற்ற சோதனைக்கான கருவிகளுக்கு அதிலேயே விலக்கு உண்டு. ஆனால் நாடுகள் சட்டம் இயற்றும்போது அந்த விலக்கை ஒரே மாதிரி எழுதவில்லை. ஜெர்மனியின் குற்றவியல் சட்டத்தில் ஹேக்கிங் கருவிகளைத் தடுக்கும் 202சி பிரிவு 2007இல் வந்தபோது பாதுகாப்புத் துறையினர் பலர் தங்கள் கருவிகளை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்லதற்கும் கெட்டதற்கும் பயன்படக்கூடிய கருவி இதில் அடங்காது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல்தான் தெளிவாக்கியது. இடைப்பட்ட இரண்டு ஆண்டு அச்சம் நேர்மையான ஆட்களுக்குத்தான் நஷ்டம்.

பிரிட்டனின் கணினி முறைகேடு சட்டத்தில் 3ஏ பிரிவு இன்னும் கவனிக்க வேண்டியது. குற்றத்துக்குப் பயன்பட வாய்ப்பு அதிகம் என்று நம்பிக்கொண்டே கொடுத்தால் அதுவே போதும். பரவலாக நியாயமான வேலைக்குப் பயன்படுகிறதா என்பதையும் அரசுத் தரப்பு பார்க்கும். எனவே ரீட்மி, ஸ்கிரீன்ஷாட், பயனர்கள் கேள்வி எழுப்பும் இஷ்யூ பக்கத்தில் நீங்கள் தரும் பதில், எல்லாமே சான்றுதான். 'பக்கத்து வீட்டு கேமராவைத் திறப்பது எப்படி' என்று ஒருவர் கேட்க, அதற்கு வழி சொல்லிவிட்டால் எந்த மறுப்புரையும் காப்பாற்றாது.

பாஸ்வேர்ட் பட்டியலில் தயாரிப்பாளர் கையேட்டில் உள்ளவை மட்டும் இருக்கட்டும். கசிந்த பயனர் பாஸ்வேர்ட்களைச் சேர்க்காதீர்கள். 6ஆம் பிரிவு கருவியோடு பாஸ்வேர்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பதில்: போர்ட்443
சட்டகம் சொன்ன 'நோக்கம்' கருவியின் நிரலிலும் (கோட்) தெரிய வேண்டும். என்மேப் என்ற பிரபல நெட்வொர்க் ஸ்கேனரைப் பாருங்கள்: ஸ்கிரிப்ட்களை சேஃப் (பாதுகாப்பானது), இன்ட்ரூசிவ் (ஊடுருவுவது), டாஸ் (சேவையை முடக்கக்கூடியது), எக்ஸ்ப்ளாய்ட் (ஓட்டையைப் பயன்படுத்துவது) என்று பிரித்து வைத்திருக்கிறது. 9100 முதல் 9107 வரையிலான போர்ட்களை வெர்ஷன் சோதனையில் (எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று பார்ப்பது) தானாகவே விட்டுவிடும். காரணம், சில பிரிண்டர்கள் அந்தப் போர்ட்டுக்கு எது வந்தாலும் காகிதத்தில் அச்சடித்துத் தள்ளும். உங்கள் பட்டியலில் பிரிண்டரும் இருப்பதால் இதை முதலில் செய்யுங்கள்.

உங்கள் கருவியில் லாகின் சோதனை டீஃபால்ட்டாக ஆஃப் செய்யப்பட்டிருக்கட்டும். ஐபி வரம்பு உள்ள ஃபைல் கொடுக்காமல் கருவி ஓடவே கூடாது. ஒரு கணக்கில் சில தவறான முயற்சிக்கே கணக்கைப் பூட்டிவிடும் சாதனங்கள் உண்டு. ஆகவே ஒரு கணக்குக்கு ஒரே முயற்சி, பிறகு இடைவெளி. ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம், இலக்கு, முடிவு ஆகியவை பதிவேட்டில் விழ வேண்டும். லாகின் ஆனதும் உடனே லாக்அவுட். உள்ளே எதையும் படிக்காதீர்கள்.

ஆன்டிவைரஸ் இதை 'ஹேக்டூல்' என்று பிடிக்கத்தான் செய்யும். பைனரியை (இயங்கும் கோப்பை) டிஜிட்டல் கையொப்பமிட்டு வெளியிட்டு, தவறான கண்டறிதல் என்று அந்தந்த நிறுவனத்துக்கு மனு அனுப்புங்கள். ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காதபடி கோப்பைச் சுருக்கி மறைத்து பேக் செய்தால் நோக்கமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கேட்டவர்: வலைக்கண்
மிக்க நன்றி இருவருக்கும். பலவீனமான பாஸ்வேர்ட் கிடைத்தால் கருவியே அதை மாற்றிவிடும் வசதி வைக்கலாமா? பயன்படுத்துபவருக்கு வேலை மிச்சம்.

பதில்: சட்டகம்
வேண்டாம். அனுமதியில்லாமல் மாற்றினால் நல்லெண்ணம் இருந்தாலும் அத்துமீறல்தான். 2003இல் வெல்ச்சியா என்ற புழு பிளாஸ்டர் புழுவை நீக்கி, விண்டோஸ் பேட்சையும் போட்டது. ஆனால் வேறு கணினிகளைத் தேடி அது அனுப்பிய பிங் செய்திகளின் வெள்ளத்தில் நெட்வொர்க்குகள் முடங்கின. 2021இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களில் ஹேக்கர்கள் வைத்திருந்த வெப் ஷெல்களை (தொலைவிலிருந்து இயக்க உதவும் நிரல்களை) நீக்க எஃப்பிஐகூட நீதிமன்ற உத்தரவு வாங்கியது.

நல்லெண்ண ஆய்வின் மீது வழக்குத் தொடுக்க வேண்டாம் என்ற 2022ஆம் ஆண்டு அமெரிக்க நீதித் துறைக் கொள்கையையும் அதிகம் நம்ப வேண்டாம். அது மத்திய அரசு வழக்கறிஞர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்; சிவில் வழக்கைத் தடுக்காது.

பதில்: போர்ட்443
அறிக்கையில் சாதனத்தின் ஐபியும் மாடலும் வந்தால் போதும், நிர்வாகியே மாற்றிக்கொள்வார். ரீட்மியோடு ஓர் அனுமதிக் கடித மாதிரியும் வையுங்கள்: ஐபி வரம்பு, தொடக்க–முடிவு நேரம், அவசரத் தொடர்பு, கையெழுத்திடுபவரின் அதிகாரம். கிளவுட் ஐபி இன்று வாடிக்கையாளரிடம் இருந்து நாளை வேறொருவரிடம் போகலாம். எனவே ஸ்கேன் தொடங்கும் முன் வரம்பைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லும் கேள்வி ஒன்றைக் கருவியே கேட்கட்டும்.